பெரிய எண் ஒன்று கையில் வந்தால்: எந்தச் சோதனை, எந்த வரிசையில்?

147573952589676412927 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 21 இலக்கங்கள். 7-இல் முடிவதால் 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 109 வருகிறது, அதனால் 3-ஆலும் வகுபடாது. பள்ளியில் படித்த வகுபடும் விதிகள் ஏறக்குறைய இங்கேயே தீர்ந்துவிடும். இதற்கு மேல், இது பகா எண்ணா, இல்லையென்றால் இதன் காரணிகள் எவை என்று கேட்டால் பத்துக்கும் குறையாத வழிகள் முன்னால் நிற்கின்றன. பலரும் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஓட்டிவிட்டு, கணினி பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வழியை எப்போது எடுப்பது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றை ஒப்பிட்டுச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

மேலே சொன்ன எண் 2⁶⁷ − 1. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இதைப் பகா எண் என்று சேர்த்திருந்தார். 1876இல் எத்வார் லூக்கா அது தவறு, இது பகு எண்தான் என்று காட்டினார். ஆனால் அவருடைய முறை ஒரு காரணியைக்கூடத் தரவில்லை. 1903இல்தான் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல், இது 193707721 × 761838257287 என்று காட்டினார். பகு எண் என்று தெரிந்த பிறகும் காரணி கிடைக்க 27 ஆண்டுகள் பிடித்தன.

அந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. "பகா எண்ணா?" என்ற கேள்வி மலிவானது. "காரணிகள் எவை?" என்ற கேள்வி மிக விலை உயர்ந்தது. எந்தக் கருவி என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

எந்தக் குணம் மலிவு, எது விலை அதிகம்

ஆயிரம் இலக்க எண்ணாக இருந்தாலும் சில விஷயங்களை நொடிக்குள் சொல்லிவிடலாம். இன்னொரு எண்ணால் வகுத்தால் என்ன மீதி, இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி என்ன, முழு வர்க்கமா, முழுக் கனமா, வேறு ஏதாவது எண்ணின் அடுக்கா, இவையெல்லாம் அந்த வகை. பகா எண்ணா என்பதும் இந்த மலிவான பட்டியலில்தான் இருக்கிறது. இது தெரியாமல் பலர் பயப்படுகிறார்கள்.

எத்தனை வகுத்திகள், வகுத்திகளின் கூடுதல் என்ன, ஆய்லரின் ஃபை சார்பின் மதிப்பு (அந்த எண்ணுக்குள், அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை) என்ன என்று கேட்டால் முழுக் காரணிப்படுத்தல் தேவை. ஓர் எண் ஏதாவது பகா எண்ணின் வர்க்கத்தால் வகுபடுமா என்ற எளிமையாகத் தெரியும் கேள்விக்குக்கூட, பொதுவான எண்ணுக்குக் காரணிப்படுத்தாமல் பதில் சொல்லும் விரைவான வழி இதுவரை தெரியவில்லை.

மலிவான சோதனைகளைச் செய்யும்போது கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். முழு வர்க்கமா என்று பார்க்கச் சாதாரண தசம வர்க்கமூலத்தைப் பயன்படுத்தாதீர்கள். 2⁵³-க்கு மேல், அதாவது 9007199254740992-ஐத் தாண்டினால், கணினியின் தசம எண்கள் எல்லா முழு எண்களையும் சரியாகப் பிடித்து வைப்பதில்லை. முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே தனி ஃபங்ஷன் இருக்கும், அதை எடுங்கள். இரண்டாவது, பெரிய அடுக்கின் மீதி வேண்டுமென்றால் அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டு வகுக்கக் கூடாது. 3-ஐ நம்முடைய 21 இலக்க எண் அளவுக்கு அடுக்கேற்றினால் வரும் விடையை எழுதி வைக்க எந்தக் கணினியிலும் இடம் இல்லை. ஒவ்வொரு முறை வர்க்கப்படுத்தியதும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் அறுபது எழுபது வர்க்கப்படுத்தல்களில் வேலை முடிகிறது. பைத்தானில் அடுக்கு ஃபங்ஷனுக்கு மூன்றாவது மதிப்பாக வகுக்கும் எண்ணைக் கொடுத்தால் அது இப்படித்தான் செய்கிறது.

வகுத்துப் பார்ப்பது: எதுவரை?

சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்ப்பதை யாரும் விட்டுவிடக் கூடாது. ஆனால் எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. ஏதோ ஒரு பெரிய எண்ணை எடுத்தால், 1000-க்குக் கீழே உள்ள 168 பகா எண்களில் எதுவும் வகுக்காமல் தப்பிப்பவை ஏறக்குறைய 8 விழுக்காடு. பத்து லட்சம் வரை போனால் 78,498 பகா எண்கள், தப்பிப்பவை ஏறக்குறைய 4 விழுக்காடு. வேலை நானூறு மடங்குக்கும் மேல் கூடுகிறது, கிடைக்கும் பலன் பாதிதான். ஆகவே பகா எண்ணா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஆயிரம், இரண்டாயிரம் வரை வகுத்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போவது நல்லது. காரணிகள் வேண்டுமென்றால் பத்து லட்சம் வரை போகலாம். அதற்கு மேல் வேறு வழிகள் வேகமானவை.

எண்ணுக்கு ஒரு வடிவம் இருந்தால் கதை மாறும். 2⁶⁷ − 1 போன்ற எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அது 134-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருந்தாக வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். வடிவத்தைக் கவனிக்காமல் வகுத்துக்கொண்டே போனால் 193707721-ஐ எட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட பகா எண்களைக் கடக்க வேண்டும். வடிவத்தைக் கவனித்தால் 134-இன் 14,45,580-ஆவது மடங்கில் காரணி கிடைக்கிறது, வழியில் உள்ளவற்றிலும் பாதியை 8-இன் மீதியே தள்ளிவிடுகிறது. எந்த எண்ணையும் தொடுவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது, என்ன வடிவம் என்று விசாரிக்கச் சொல்வது இதனால்தான்.

பெர்மா சோதனையும் மில்லர்–ராபினும்: 1729-ஐ வைத்து

பெர்மாவின் சிறிய தேற்றப்படி ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த அடிமானத்தையும் அந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வரவில்லையென்றால் பகு எண் என்பது உறுதி. வந்தால்? அங்கேதான் சிக்கல். சில பகு எண்கள் தம்முடன் பொதுக் காரணி இல்லாத எல்லா அடிமானங்களுக்கும் இந்தச் சோதனையில் தேறிவிடுகின்றன. இவை கார்மைக்கேல் எண்கள். 561, 1105, அடுத்து 1729. ஆமாம், ராமானுஜன் மருத்துவமனைப் படுக்கையில் இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதத்தில் எழுதலாம் என்று ஹார்டியிடம் சொன்ன அதே 1729. இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994இல் ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் நிறுவினார்கள். ஆகவே வெறும் பெர்மா சோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மில்லர்–ராபின் சோதனை ஒரே ஒரு கூடுதல் பார்வையால் இந்த ஓட்டையை அடைக்கிறது. 1729-இல் பார்ப்போம். 1728 = 64 × 27. முதலில் 2²⁷-ஐ 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதை வர்க்கப்படுத்தி வகுத்தால் 1065. மறுபடி வர்க்கப்படுத்தினால் 1134225, அது 1729 × 656 + 1, ஆக மீதி 1. பெர்மா சோதனை இறுதியில் வரும் இந்த 1-ஐ மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறது. மில்லர்–ராபின் அதற்கு முந்தைய படியைப் பார்க்கிறது. பகா எண்ணால் வகுக்கும்போது வர்க்கப்படுத்தினால் மீதி 1 வரக்கூடிய எண்கள் இரண்டே: ஒன்று 1, மற்றது அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்தது. இங்கே வந்திருப்பது 1065. அது 1-ம் இல்லை, 1728-ம் இல்லை. 1729 பகு எண் என்று முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் காரணியும் கையோடு கிடைக்கிறது. 1065-இலிருந்து 1 கழித்தால் 1064. அதற்கும் 1729-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 133. ஒன்று கூட்டினால் 1066, அதற்கும் 1729-க்கும் 13. 133 × 13 = 1729. ஆனால் இது எல்லா எண்ணுக்கும் நடக்காது. இறுதி மீதி 1 வராத எண்களிடம், அதாவது பெரும்பாலான பகு எண்களிடம், இந்தச் சோதனை "பகு எண்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

அடிமானத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2⁶⁷ − 1-ஐ 2 என்ற அடிமானத்தில் மில்லர்–ராபினுக்குக் கொடுத்துப் பாருங்கள். "பகா எண்ணாக இருக்கலாம்" என்றே பதில் வரும். காரணம் எளிது. 2⁶⁷-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. இந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் 2⁶⁶ − 1 வரும், அது 67-இன் மடங்கு. ஆகவே 2-இன் அந்த அடுக்கு தானாகவே 1 ஆகிவிடுகிறது. மெர்சென் வடிவ எண்கள் (2-இன் ஏதாவது ஓர் அடுக்கைவிட ஒன்று குறைந்தவை) அனைத்தும், அடுக்கு பகா எண்ணாக இருக்கும்வரை, 2-இடம் தேறிவிடும். 2047 = 23 × 89 அப்படித் தேறும் மிகச் சிறிய எண். 3-ஐ அடிமானமாக வைத்தால் 2⁶⁷ − 1-இன் குட்டு உடனே வெளிப்படும்.

எத்தனை அடிமானங்கள்?

இங்கே மூன்று தேர்வுகள் இருக்கின்றன. மூன்றும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

எண் 3.3 × 10²⁴-க்குக் கீழே இருந்தால் 2 முதல் 41 வரையுள்ள 13 பகா எண்களை அடிமானமாக வைத்து மில்லர்–ராபின் ஓட்டினால் போதும். அனைத்திலும் தேறினால் பகா எண் என்பது நிரூபணமே, நிகழ்தகவு அல்ல. நம்முடைய 21 இலக்க எண்ணும், 64 பிட்டுக்குள் அடங்கும் எல்லா எண்களும் இதற்குள் வந்துவிடுகின்றன. புரோகிராமிங் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு இதுவே சரியான தேர்வு. 2, 3, 5, 7 என்று நான்கோடு நிறுத்திக்கொள்வது அங்கே பரவலாகக் காணப்படும் பழக்கம். 3215031751 என்ற பத்து இலக்கப் பகு எண் அந்த நான்கையும் ஏமாற்றிவிடும். எண்கள் 32 பிட்டுக்குள் இருந்தால்கூட இந்த எண் அதற்குள் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய எண், உங்கள் கணினியே குலுக்கிப் போட்டு எடுத்தது என்றால், குலுக்கி எடுத்த அடிமானங்களோடு மில்லர்–ராபின் நல்லது. ஒரு பகு எண் ஓர் அடிமானத்தில் தப்பிக்க அதிகபட்சம் நான்கில் ஒரு வாய்ப்பு. இருபது முறை ஓட்டினால் லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

எண் வெளியாளிடமிருந்து வந்தது என்றால் நிலைமை வேறு. அடிமானங்களை முன்கூட்டியே நிலையாக வைத்திருந்தால், அவற்றை ஏமாற்றுவதற்காகவே ஒருவர் எண்ணைச் செய்துவிட முடியும். 1995இல் ஃபிரான்சுவா ஆர்னோ, 307-க்குக் குறைந்த எல்லாப் பகா அடிமானங்களிலும் தேறக்கூடிய 397 இலக்கப் பகு எண்ணைக் கட்டிக் காட்டினார். மறையீட்டு மென்பொருள் எழுதுபவர் யாரானாலும் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பெய்லி–பிஎஸ்டபிள்யூ சோதனைதான். 2-ஐ அடிமானமாக வைத்து ஒரு மில்லர்–ராபின், அதன்மேல் ஒரு லூக்கா சோதனை. இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து எண்ணைப் பார்ப்பதால் ஒன்றில் தப்பியது மற்றதில் மாட்டிக்கொள்கிறது. 1980இல் முன்வைக்கப்பட்டதிலிருந்து இன்றுவரை இதை ஏமாற்றிய ஒரு பகு எண்கூட யாருக்கும் கிடைக்கவில்லை, 2⁶⁴-க்குக் கீழே இல்லவே இல்லை என்பது சரிபார்க்கப்பட்டுவிட்டது. ஏமாற்றும் எண்கள் எங்கோ இருக்க வேண்டும் என்று பொமரன்ஸ் காரணங்களோடு வாதிட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாரி-ஜிபி, சிம்பை என்ற கணித மென்பொருள்கள் உள்ளுக்குள் இதைத்தான் ஓட்டுகின்றன. வெளியாள் தந்த எண் என்றால் இதோடு குலுக்கி எடுத்த சில அடிமானங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரூபணமே வேண்டும் என்றால்

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியிலிருந்து மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் வெளியிட்ட ஏகேஎஸ் முறை, எந்த எண்ணுக்கும், எந்த நிரூபிக்கப்படாத ஊகத்தையும் சாராமல், குலுக்கல் எதுவும் இல்லாமல், இலக்க எண்ணிக்கையின் பல்லுறுப்புக்கோவை அளவு நேரத்தில் (இலக்கங்கள் கூடும்போது வெடித்துப் பெருகாத நேரத்தில்) பகா எண்ணா என்று உறுதியாகச் சொல்கிறது. அப்படி ஒரு முறை இருக்கவே முடியுமா என்று நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள். 2006இல் மூவருக்கும் கணினியியல் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு கணித மாணவரும் அந்த நிரூபணத்தைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், அதற்குக் கல்லூரி அளவு இயற்கணிதமே பெரும்பாலும் போதும். ஆனால் வேலைக்கு அதை எடுக்காதீர்கள். நிரூபணம் தேவைப்படும் அளவிலுள்ள எண்களுக்கு அது மற்ற முறைகளைவிட மிக மெதுவானது.

வேலைக்கு ஏற்றது நீள்வட்ட வளைவரைகளைக் கொண்டு நிரூபிக்கும் ஈசிபிபி முறை. சில நூறு இலக்க எண் என்றால் சில நொடிகளில் முடியும். அதைவிட முக்கியம், அது ஒரு சான்றிதழையும் தருகிறது. அந்தச் சான்றிதழை வேறொருவர் வேறொரு நிரலில், முதல் கணக்கை மறுபடி செய்யாமலேயே, விரைவாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1 என்ற இலக்கத்தை 49,081 முறை எழுதினால் வரும் எண், பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று 1999இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது பகா எண்தான் என்ற நிரூபணம் 2022இல்தான் வந்தது. பாரி-ஜிபியில் பகா எண் என்று உறுதி செய்யும் கட்டளையும், பகா எண்போல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கட்டளையும் தனித்தனியே உண்டு. ஆய்வுக் கட்டுரையில் எழுதப் போகிறீர்கள் என்றால் முதலாவது. ஆர்எஸ்ஏ சாவி (இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கும் மறையீட்டுச் சாவி) செய்யப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதே போதும்.

மெர்சென் எண்களுக்கு இவை எதுவும் வேண்டாம். அவற்றுக்கென்றே லூக்கா–லேமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து மீதி எடுப்பதை மறுபடி மறுபடி செய்ய வேண்டும். 2⁶⁷ − 1-க்கு 65 முறை. இறுதியில் மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. விடை இரண்டு பக்கமும் உறுதி. அப்படியிருக்க, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து மெர்சென் பகா எண் தேடும் கிம்ப்ஸ் திட்டம், இப்போது முதல் சோதனையாக இதை ஓட்டுவதில்லை. 3-ஐ அடிமானமாக வைத்த பெர்மா சோதனையைத்தான் ஓட்டுகிறது.

இதன் காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் கிடைத்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். சோதனை எதுவானாலும் அந்த அளவுள்ள எண்களைப் பதின்மூன்றரைக் கோடி முறைக்கு மேல் வர்க்கப்படுத்த வேண்டும். நடுவில் எங்கோ ஒரு பிட் மாறினாலும் இறுதி விடை குப்பை. கணிதத்தில் உறுதியான லூக்கா–லேமர், சூடேறிய மெமரியில் ஓடும்போது அவ்வளவு உறுதி இல்லை. பெர்மா சோதனைக்கு ராபர்ட் கெர்பிச் கண்டுபிடித்த ஒரு சரிபார்ப்பு பொருந்துகிறது. அது மிகக் குறைந்த கூடுதல் செலவில் வன்பொருள் பிழைகளை ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிடும். லூக்கா–லேமருக்கு அந்த அளவு வலிமையான சரிபார்ப்பு இல்லை. தேறிய அபூர்வமான எண்ணுக்கு மட்டும் பிறகு லூக்கா–லேமரை வெவ்வேறு கணினிகளில் ஓட்டி உறுதி செய்கிறார்கள். காகிதத்தில் எது உறுதியானது என்பதைவிட, அந்தக் கணக்கை எந்த இயந்திரம் செய்யப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முடிவு இது. எனக்கு மிகவும் பிடித்த முடிவும் இதுதான்.

காரணிகளே வேண்டும் என்றால்

இப்போது விலை உயர்ந்த கேள்வி. முதல் விதி: பகா எண்ணா என்று சோதிக்காமல் காரணி தேடத் தொடங்காதீர்கள். பகா எண்ணுக்குக் காரணி தேடினால் நிரல் ஓயாது.

எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இங்கே இன்னும் முக்கியமாகிறது. ஹார்டியும் ராமானுஜனும் 1917இல் நிறுவியபடி, ஓர் எண்ணின் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அந்த எண்ணின் இயல் மடக்கையின் இயல் மடக்கையை ஒட்டியே இருக்கும். 100 இலக்க எண்ணுக்கு அது ஐந்துக்குச் சற்று மேல். அந்த ஐந்தும் சம அளவில் இருப்பதில்லை. சராசரியாக மிகப்பெரிய காரணி 62 இலக்கம், அடுத்தது 21 இலக்கம், அதற்கடுத்தது 9 இலக்கம். ஆக, எங்கிருந்தோ வந்த 100 இலக்க எண்ணை முழுதாகப் பிரிக்க 21 இலக்கக் காரணியைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் போதும், மிஞ்சுவது பகா எண். ஆனால் அதே 100 இலக்கம், 50 இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கி ஒருவர் வேண்டுமென்றே செய்தது என்றால் எளிதான கைப்பிடி எதுவும் இருக்காது. இலக்க எண்ணிக்கை ஒன்றே, வேலை முற்றிலும் வேறு.

சிறிய காரணிகளுக்கு மூன்று வழிகள். பொலார்டின் ரோ முறை, காரணியின் வர்க்கமூலம் அளவுக்கு அடிகள் எடுக்கும். 193707721-க்கு வர்க்கமூலம் 14,000-க்குச் சற்றுக் குறைவு. ஒரு கோடி வகுத்தல்களுக்குப் பதிலாகப் பத்தாயிரக் கணக்கில் அடிகள். நிரல் இருபது வரிகளுக்குள் எழுதிவிடலாம். 64 பிட் எண்களுக்கு இதுவும் மில்லர்–ராபினும் சேர்ந்தால் வேறெதுவும் வேண்டாம்.

அடுத்தது, பொலார்டே 1974இல் தந்த "ஒன்று குறைத்த" முறை. பகாக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் சிறிய காரணிகளாக உடையுமானால் இது உடனே பிடித்துவிடும். நம்முடைய எண் இதற்கு அழகான எடுத்துக்காட்டு. 193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677. மற்றதில் ஒன்று குறைத்தால் 761838257286 = 2 × 3² × 29 × 67 × 2551 × 8539. அந்தச் சிறிய காரணிகளுக்கான எல்லையை 3000 என்று வைத்து, 3-ஐ அடிமானமாகக் கொண்டு ஓட்டினால் முதல் காரணி விழுந்துவிடும். பெரிய எல்லை வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று 10,000 வைத்து, இறுதியில் ஒரே ஒரு முறை மீப்பெரு பொதுக் காரணி பார்த்தால் என்ன ஆகும்? இரண்டு காரணிகளும் ஒன்றாகச் சிக்கி, விடையாக முழு எண்ணே திரும்பி வரும். இடையிடையே பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை. இந்த எண்ணுக்கு 2-ஐ அடிமானமாக வைத்தாலும் இதே கதிதான். 67 உள்ளே வந்ததும் இரண்டு காரணிகளும் சேர்ந்தே சிக்கிவிடும்.

இந்த முறையின் குறை, காரணி அதிர்ஷ்டவசமாக அப்படி உடைய வேண்டும் என்பது. ஹெண்ட்ரிக் லென்ஸ்டிரா 1987இல் வெளியிட்ட ஈசிஎம் (நீள்வட்ட வளைவரை முறை) அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒரு நீள்வட்ட வளைவரையில் சரியாக வராவிட்டால் வேறொரு வளைவரையை எடுத்து மறுபடி முயலலாம், ஒவ்வொன்றிலும் உடைய வேண்டிய எண் வேறாக இருக்கும். இதன் நேரம் பெரும்பாலும் காரணியின் அளவைப் பொறுத்தது, முழு எண்ணின் அளவைக் குறைவாகவே பொறுத்தது. 20 இலக்கக் காரணிக்கு எல்லை 11,000 வைத்து ஏறத்தாழ 74 வளைவரைகள். 35 இலக்கக் காரணிக்கு எல்லை 10 லட்சம், ஏறத்தாழ 900 வளைவரைகள். 2013இல் இதே முறையில் 83 இலக்கக் காரணி ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் வீட்டுக் கணினியில் 45, 50 இலக்கத்துக்கு மேல் இதை நம்பி இருப்பது நல்லதல்ல.

அதற்கு மேல் சல்லடை முறைகள். இவற்றுக்குக் காரணி பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை, முழு எண்ணின் அளவு மட்டுமே கணக்கு. பொமரன்ஸின் குவாட்ராட்டிக் சீவ் (சீவ் என்றால் சல்லடை) ஏறக்குறைய 95, 100 இலக்கம் வரை முந்தும், அதன் பிறகு நம்பர் ஃபீல்டு சீவ். யாஃபு என்ற நிரலிடம் எண்ணைக் கொடுத்தால் மேலே சொன்ன வரிசையில் அதுவே போகும். 100 இலக்கத்தைத் தாண்டினால் காடோ-என்எஃப்எஸ் என்ற நிரல்.

எல்லை எங்கே என்பதைச் சில எண்கள் சொல்லும். 1977இல் சவாலாக வெளியான 129 இலக்க எண் 1994இல் குவாட்ராட்டிக் சீவ் கொண்டு, இணையம் வழியாகச் சேர்ந்த அறுநூறு பேர் அளவிலான தன்னார்வலர்களால் உடைந்தது. 155 இலக்கம், அதாவது 512 பிட், 1999இல் உடைந்தது; 2015இல் வாடகைக் கணினிகளில் 4 மணி நேரத்தில், 75 டாலர் செலவில் செய்ய முடியும் என்று காட்டினார்கள். 250 இலக்க எண் 2020 பிப்ரவரியில் உடைந்தது, அதற்கு ஒரு பிராசசர் கோரின் கணக்கில் ஏறத்தாழ 2700 ஆண்டு உழைப்பு ஆனது. 617 இலக்கம் கொண்ட 2048 பிட் சாவிகளை இந்த வழியில் நெருங்கவே முடியவில்லை.

ஆனால் ஆர்எஸ்ஏ சாவி கையில் வந்தால் சல்லடைக்கு முன் இரண்டு மலிவான விஷயங்களைச் செய்யுங்கள். ஒன்று, இரண்டு காரணிகளும் மிக அருகருகே இருக்கின்றனவா என்று பெர்மாவின் பழைய முறையில் பார்ப்பது. முழு எண்ணுடன் ஒரு சிறிய வர்க்கத்தைக் கூட்டினால் முழு வர்க்கம் வருகிறதா என்பதே சோதனை. 2022இல் சில பிரிண்டர்களில் உருவான சாவிகள் இப்படித்தான் உடைந்தன. இரண்டு, மற்ற சாவிகளோடு மீப்பெரு பொதுக் காரணி எடுப்பது. 2012இல் இணையம் முழுவதிலிருந்தும் திரட்டிய சாவிகளை இப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, குலுக்கல் சரியாக நடக்காத சாதனங்களின் சாவிகள் ஆயிரக்கணக்கில் உடைந்தன. நூற்றாண்டுகள் ஆனாலும் சல்லடையில் உடையாத எண், மீப்பெரு பொதுக் காரணி காணும் யூக்ளிடின் முறையில் நொடியில் உடைகிறது.

இவை எதிலும் சிக்காமல் 180, 200 இலக்கப் பகு எண் ஒன்று மிஞ்சினால், முதலில், தெரிந்த காரணிகளைத் திரட்டி வைத்திருக்கும் ஃபேக்டர்டிபி தளத்தில் தேடுங்கள், யாராவது ஏற்கெனவே பிரித்திருக்கலாம். இல்லையென்றால் ஈசிஎம்மை எந்த எல்லையில், எத்தனை வளைவரைகள் வரை ஓட்டினீர்கள் என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். 900 வளைவரைகள் முடிந்த எண் என்று தெரிந்தால், அடுத்து அதை எடுப்பவர் 40 இலக்கக் காரணிக்கான அளவிலிருந்து தொடங்கிக்கொள்வார்.